கிட் ஏ-யில கிட்டார் இருக்கு

தம்பி, கிட் ஏ எண்ட ஆல்பத்தைப் பற்றி, இங்கிலாந்து ராக் இசைக்குழு ரேடியோஹெட் 2000இல "கிட்டாரை முற்றா விட்டிட்டு, கிட் ஏ முழுக்கக் கணினியில செய்தவை" எண்டு நீங்கள் எழுதினது பிழை. முதற்பாட்டு புரொபெட்-5 எண்ட சிந்தசைசரில (மின்சாரத்தால ஒலி உண்டாக்கிற கீபோட்) நிக்கிறது உண்மைதான். ஆனா ஆறாவது, 'ஆப்டிமிஸ்டிக்', கிட்டார்ப் பாட்டு. அஞ்சாவதைக் கேட்டால் சிந்தசைசர் எண்டுதான் ஆரும் சொல்லுவினம். ஆனா அது குழுவின்ர கிட்டார்க்காரர் எட் ஓ'பிரையனின்ர கிட்டாரைப் பதிஞ்சு, பிறகு கணினியில உருமாற்றினது. என்ன அழகான வேலை! மூன்றாவதை இழுத்துக்கொண்டு போறது குழுவின்ர பாடகர் தாம் யார்க் வாசிச்ச பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரக் கிட்டார்), அதுக்கு மேல ட்ரம்பெட், சாக்ஸபோன் கூட்டம்.

டச்சுக்குடாவில அலைச் சத்தத்துக்குள்ள போன் ஸ்பீக்கரில கேட்டால் அந்த பேஸ் காதில விழாது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால தாழ்ந்த ஒலியைத் தள்ள ஏலாது. ஹெட்போன் போட்டு, ஈக்குவலைசரை (தாழ்ந்த, உயர்ந்த ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற வசதி) நிப்பாட்டிப்போட்டு மூன்றாவதைத் திரும்பக் கேளுங்கோ.