மின்சாரச் சந்தை: கணக்கு தப்பினால் யார் கட்டுவது?

மின்சாரத்தில் போட்டி வந்தால் விலை குறையும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. வந்தால் ஏழைகள் இருட்டில்தான் கிடக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பு பயப்படுகிறது. இருவருமே விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கணக்கு தப்பும்போது அந்த நஷ்டத்தை யார் சுமப்பது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம். மின் நிலையம் முதல் வீட்டு மீட்டர் வரை எல்லாம் அதன் பொறுப்பு. செலவைப் பார்த்து, போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் லாபம் என்று சேர்த்து, ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்கும். முதல் பெருகினால் லாபமும் பெருகும் என்றால் நிறுவனம் தேவைக்கு மேல் கட்டத்தானே பார்க்கும்? 1962-லேயே அவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இதை விளக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1970, 80-களில் பல அணுமின் நிலையங்களின் செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் பல மடங்கு போனது. அதில் பெரும்பகுதி மாதாந்திரக் கட்டணம் வழியாக மக்கள் தலையில்தான் விழுந்தது.

ஆகவே போட்டி கேட்டதில் நியாயம் இருந்தது. சிலி 1982-ல் தொடங்கியது, இங்கிலாந்து 1990-ல், நார்வே 1991-ல். மின்கம்பிகளை மட்டும் எல்லோருமே கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிசைக் கம்பம் நடுவதில் அர்த்தமில்லையே.

சந்தை நடக்கும் விதம் இதுதான்: நிலையங்கள் ஒவ்வொரு மணிக்கோ அரை மணிக்கோ தங்களுக்கு இவ்வளவு விலை வேண்டும் என்று கேட்கும். மலிவானதிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போவார்கள். தேவை நிறைவதற்குக் கடைசியாக எடுத்த நிலையத்தின் விலைதான் அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் விலை. செலவைக் குறைப்பவருக்கு லாபம் என்பதால் இது நல்ல முறைதான். ஆனால் மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது இன்னும் கடினம், கொடுப்பதும் எடுப்பதும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். தட்டுப்பாடான நேரத்தில் பெரிய நிறுவனம் ஒன்று தன் நிலையங்களில் ஒன்றை 'பழுது' என்று நிறுத்தி வைத்தாலே போதும், மிச்ச நிலையங்களுக்கெல்லாம் விலை எகிறும்.

கலிபோர்னியாவில் அதுதான் நடந்தது. 1998-ல் சந்தையைத் திறந்தார்கள். விநியோக நிறுவனங்கள் தங்கள் நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டு, அன்றாடச் சந்தையில் வாங்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தத்துக்கு ஏறக்குறைய வழியே இல்லை. வீட்டுக் கட்டணமோ பெரும்பாலான இடங்களில் உறைந்து நின்றது. 2000-ல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தது, எரிவாயு விலை ஏறியது, சில விற்பனையாளர்கள் நிலையங்களை நிறுத்தி வைத்தார்கள், என்ரான் என்ற எரிசக்தி வணிக நிறுவனத்தின் ஆட்கள் கம்பியில் இல்லாத நெரிசலை இருப்பதாகக் காட்டிப் பணம் பார்த்தார்கள். ஆண்டு முடிவதற்குள் சந்தையின் மொத்த விற்பனை விலை பத்து மடங்கைத் தாண்டியது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் நசுங்கிய பிஜி அண்ட் இ என்ற விநியோக நிறுவனம் 2001 ஏப்ரலில் திவாலாகிப் போனது. மாநில அரசே இறங்கி, விலை உச்சத்தில் இருந்தபோது நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டது. அந்தக் கடனை மக்கள் வருடக்கணக்கில் அடைத்தார்கள்.

டெக்சாஸ் இதற்கு நேர் எதிர். அங்கே சிலர் மொத்த விலையையே நேரடியாக வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டங்களில் சேர்ந்திருந்தார்கள். 2021 பிப்ரவரி குளிரில் எரிவாயுக் குழாய்களும் நிலையங்களும் உறைந்தன. விலை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், நாள்கணக்கில் நின்றது. அந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அந்தக் குளிரில் மாநிலத்தின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். இதில் என்னை மிகவும் வதைப்பது ஒன்றுதான்: 2011 குளிருக்குப் பிறகே நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்தச் சொல்லி ஆய்வறிக்கை வந்திருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மின்சாரம் விற்றால்தான் பணம் என்ற சந்தையில், அபூர்வமாக வரும் குளிருக்காக யார் செலவழிப்பார்?

சரி, பழையபடி போய்விடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். உற்பத்தியில் போட்டி இருக்கட்டும். வீடுகளுக்கான சில்லறைப் போட்டியில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நிறுவனங்களில் பல மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை, கம்பியும் இழுப்பதில்லை. வாங்கி, பில் போடுகின்றன. 2021-ல் எரிவாயு விலை ஏறியபோது பிரிட்டனில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் இருபதுக்கும் மேல் விழுந்தன. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு எல்லா வீட்டுக் கட்டணத்திலும் ஏறியது. லாபம் வந்த வருடங்களில் அது யாரிடம் இருந்தது?

வீடுகளின் தேவையில் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும். மிச்சத்தை மட்டும் அன்றாடச் சந்தைக்கு விடலாம். மணிக்கு மணி மாறும் விலையைப் பெரிய ஆலைகள் தாங்கும், உற்பத்தி நேரத்தை மாற்றிக்கொள்ளும். இரவில் மூச்சுக்கருவி ஓடும் வீட்டால் அது முடியாது. ஆணையத்தின் வேலையும் குறையப்போவதில்லை. முன்பு ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைப் பார்த்தால் போதும். இப்போது ஒவ்வொரு நிலையமும் கேட்ட விலையை, 'பழுது' என்று சொன்ன ஒவ்வொரு மணியை, அன்றன்றே பார்த்துக் கேள்வி கேட்க ஆட்களும் அதிகாரமும் வேண்டும். மின்சாரத்தில் போட்டியைக் கொண்டுவரும் சட்டம் எங்கே வந்தாலும் அதற்கான பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.