கண்ணை எடுக்கவே தேவையில்லை என்று சொல்லாதீர்கள்
குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய்க்கு இனி கண்ணை எடுக்கத் தேவையில்லை என்று இங்கே வந்த கட்டுரையில் ஒரே வரியில் முடித்தது உறுத்துகிறது. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைக் கண் தமனி வரை கொண்டுபோய் மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தும் முறை எத்தனையோ கண்களைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டி கண்ணை நிறைத்துப் பார்வை நரம்பை நெருங்கிவிட்டால் உயிர்தான் முதலில். என் அக்கா மகளுக்கு 2 கண்ணிலும் இருந்தது. தீபாவளிக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இடது கண்மணி மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் மாறுகண்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்; 5 மாதம் வீணாய்ப் போனது. பிறகு கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இடது கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணில் கட்டி சின்னது என்பதால் 6 முறை கீமோவும் லேசரும் கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. செயற்கைக் கண்ணைத் தானே கழற்றி, கழுவி, கண்ணாடி பார்த்து மாட்டிக்கொள்கிறாள். கட்டுரையின் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், கண்ணை எடுக்கச் சொன்னால் வேறு டாக்டரைத் தேடுங்கள் என்று எழுதியிருக்கிறார். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் அதே வாரத்தில் கேளுங்கள். மாதக்கணக்கில் அலைந்தால் கண்ணோடு நிற்கவேண்டிய நோய் நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும்.