“பெரிய நூதனசாலைகளே எல்லாக் காசையும் வாங்குகின்றன” என்பது சரியில்லை

திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கும் நம் சிறிய மன்றம், சாராயக் கம்பனி ஒன்றின் அனுசரணையை ஏற்கலாமா என்ற கேள்விக்கு, “உலகத்துப் பெரிய நூதனசாலைகளே யாரிடமும் வாங்குகின்றன, நமக்கென்ன?” என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் விட்டார்கள். அது தவறு.

2019இல் லண்டன் தேசிய உருவப்பட நூதனசாலைக்கு சாக்லர் குடும்பத்தின் அறக்கட்டளை தரவிருந்த 10 இலட்சம் பவுண் கைவிடப்பட்டது. அதே மாதம் டேட் நூதனசாலையும் அந்தக் குடும்பத்திடம் இனி நன்கொடை வாங்குவதில்லை என்றது. அந்தக் குடும்பத்தின் கம்பனி தயாரித்த ஆக்ஸிகான்டின் வலிநிவாரணி மாத்திரைக்குப் பலர் அடிமையானதுதான் காரணம். 2021 டிசம்பரில் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை நூதனசாலை தன் மண்டபங்களிலிருந்து சாக்லர் பெயரையே எடுத்துவிட்டது.

சரி, அதெல்லாம் தூரம். நம் இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுசரணை என்ற பெயரில் கலாசார நிகழ்வுகளில் மதுவையும் புகையிலையையும் விளம்பரப்படுத்துவதை அது தடுக்கிறது. ஆக, பதாகையில் அவர்கள் பெயரைப் போடுவது வெறும் மனச்சாட்சிப் பிரச்சினை மட்டும் இல்லை.

பெயர் போடாமல் வாங்கலாமே என்பீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், குடியால் சீரழிந்த வீடுகளிலிருந்தும் நம்மிடம் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களின் தாய்மாரிடம் அந்தக் காசைச் சொல்ல முடியாது என்றால் எனக்கு அது வேண்டாம். யாரிடம் வாங்குவோம், யாரிடம் வாங்கமாட்டோம் என்பதைக் காசு வருமுன்பே செயற்குழு கூடித் தீர்மானித்து, கூட்டக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். காசோலை கைக்கு வந்தபின் பேசினால் எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும்.