புலி தூங்கினால் உங்களுக்கு என்ன நஷ்டம், சார்?

மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் புலியை எழுப்பப் பார்த்த அந்தப் பெரிய மனிதருக்கு இந்தப் பதிவு காணிக்கை. அவர் படிக்கமாட்டார். ‘தட்டாதீர்கள்’ என்று அவர் மூக்குக்கு நேராக எழுதி ஒட்டியிருந்ததையே படிக்காதவர், இதையா படிக்கப்போகிறார்?

வரிசையில் நின்ற கதை, சோதனைக்காகப் பையைக் கவிழ்த்துக் காட்டிய கதை எல்லாம் வேண்டாம். குழந்தைகளோடு உயிரியல் பூங்காவுக்குப் போனவர்கள் அனைவரும் பட்டதுதான். உள்ளே காலடி வைத்ததும் சின்னவனுக்குக் கால் வலிக்கும். பெரியவளுக்கு, பூங்காவின் மறுகோடியில் எந்த விலங்கு இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மாமியார் கண்ணில் பட்ட முதல் பெஞ்சில் உட்கார்ந்து, “நீங்கள் போய்வாருங்கள், பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். குடும்பத்திலேயே புத்திசாலி அவர்தான்.

புலிக்கு வருகிறேன். வெயிலில் நடந்து, ஆள் விலகக் காத்திருந்து, ஒரு வழியாகக் கண்ணாடியின் ஓரத்தில் இடம் பிடித்தோம். புலி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிழலில் படுத்திருந்தது. முதுகு, ஒரு காது, வால் நுனி, அவ்வளவுதான் தெரிந்தது. எனக்கு அதுவே போதும். புலி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் நடமாடும் விலங்கு. சிங்கம் இன்னும் மோசம், ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கும். நாம்தான் உச்சி வெயிலில் போய் நின்றுகொண்டு “ஏன் அசையவே மாட்டேன் என்கிறது?” என்று கேட்கிறோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு நம் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நான்கு புலிகள் நின்று அதே கேள்வியைக் கேட்டால் எப்படி இருக்கும்?

அப்போதுதான் வந்தார் அவர். தோளில் ஒரு குழந்தை, கையில் கைபேசி, விரலில் அந்த மோதிரம். வந்தவர் நேராகக் கண்ணாடியின் நடுவில் போய் நின்றார். எங்கள் சின்னவன் அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை. இடுப்பு உயரத்துக்குக் கீழே உலகமே இல்லை போலும்.

டக், டக், டக். நிறுத்திப் பார்த்தார். புலி அசையவில்லை. மறுபடியும் டக், டக், டக். இப்போது காது மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பியது. “பார்த்தாயா, கேட்டுவிட்டது!” என்று அவருக்கு ஒரே உற்சாகம். மோதிரத்தோடு நிற்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்து வந்தது. அதன் பிறகு சீட்டி. அதன் பிறகு “ஏய் புலி! புலி!” என்ற அழைப்பு. கூப்பிட்டதும் “இதோ வருகிறேன்” என்று எழுந்து வர அது என்ன அவருடைய அலுவலகத்து உதவியாளரா? எதற்கும் மசியாமல் போகவே, கடைசியில் அவரே உறுமிக் காட்டினார். மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. புலி வால் நுனியை ஒரு முறை ஆட்டியதோடு சரி.

“சார், தட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது” என்றேன்.

“குழந்தை பார்க்க ஆசைப்படுகிறது மேடம்” என்றார்.

தோளில் இருந்த குழந்தை அவருடைய தலைமுடியைப் பிரித்துப் பிரித்து எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தது. புலி இருந்த திசைக்குக்கூட அது திரும்பவில்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் உடனே விளக்கப் பலகையை முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து, காணொளி அழைப்பு. “தெரிகிறதா? அதோ, வால்! அந்த மரத்துக்குக் கீழே!” தெரியவில்லை என்றது மறுமுனை. இணைப்பு அறுந்தது. மறுபடியும் அழைத்தார். மறுமுனையில் இப்போது வேறு யாரோ. அவருக்கும் முதலிலிருந்து வால் விளக்கப்பட்டது. இடையிடையே தோளில் இருந்தவனுக்கு விலங்கியல் பாடம் வேறு: “ஆப்பிரிக்காவில் இதுவும் சிங்கமும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள், சொல்?” பெரியவள் என் காதில், “அம்மா, ஆப்பிரிக்காவில் புலியே கிடையாதே” என்றாள். ஒரு முழ தூரத்தில், என் கணவர் உயிரைக் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்த பலகையில், ஆசியாவை மட்டும் வண்ணமடித்த வரைபடம் இருந்தது. அவளைச் சத்தமாகச் சொல்லச் சொல்லியிருக்கவேண்டும்.

இவர் மட்டுமா? பாம்புகள் இருக்கும் கூடத்தில் ஒருவர், பாம்புக்குத்தான் காது இல்லையே என்று விஞ்ஞானம் பேசிக்கொண்டே தட்டுகிறார். வெளிக்காதுதான் ஐயா இல்லை. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போய்விடும். இரவு விலங்குகளின் கூடத்தில் இன்னொரு கூத்து. பகலை இரவாக்கி, மங்கலான வெளிச்சம் மட்டும் வைத்து, அந்த விலங்குகள் விழித்து நடமாட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உள்ளே வந்தவர்களுக்கு இருட்டாக இருக்கிறதாம். கைபேசி விளக்கைப் போட்டு அத்தனையின் கண்ணிலும் அடிக்கிறார்கள். அவை ஓடிப் பொந்துக்குள் ஒளிந்ததும், “இங்கே ஒன்றுமே இல்லை, ஏமாற்று வேலை” என்று தீர்ப்பு.

கரடி ஒன்று நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. நடனமாடுகிறது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அது நடனமில்லை. அடைபட்ட விலங்கு செய்ய வேறு எதுவும் இல்லாமல் அப்படி ஆடும். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் மேலே எழுதவும் விருப்பமில்லை.

1907-இல் ஹாம்பர்க் நகரத்தில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் கம்பிகளை எடுத்துவிட்டு, அகழிகளை வைத்து மிருகங்களைப் பிரித்துக் காட்டும் பூங்காவைத் திறந்தார். எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாண்டும் என்று கணக்கிட்டு அகழி அமைத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ முன்னேற்றங்கள், தடித்த கண்ணாடிகள், கேமராக்கள். பார்வையாளருக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஓர் அகழி வெட்டவேண்டும் என்று இன்றுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இருங்கள், புலிக் கதை முடியவில்லை. சாவிக்கொத்து இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது அது எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பாதமாக எடுத்து வைத்து, நேராகக் கண்ணாடிக்கே வந்தது. என் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள் என்று எழுத ஆசைதான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகு. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அந்த நொடியில் மனிதர் தற்படம் எடுப்பதற்காகப் புலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு முழங்கைகளையும் விரித்துவிட்டார்.

புலியும் திரும்பியது. அதுவும் முதுகைக் காட்டியது. வாலை உயர்த்தியது. பீச்சியடித்தது.

எல்லை குறிக்கும் புலி அப்படித்தான் செய்யும், பின்னோக்கி, மனிதன் நிற்கும் உயரத்துக்கு. சரியாக அவர் தலைக்குப் பின்னால் கண்ணாடியில் பட்டு வழிந்தது. (பாஸ்மதி அரிசியின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் புலியின் இந்தத் திரவத்திலும் இருக்கிறது. இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சின்னவன் இப்போது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறான்.) கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மனது குளிர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் கணக்குப் பார்த்தால் என்ன ஆயிற்று? அவருக்கு ஊரெல்லாம் அனுப்பிவைக்க ஒரு படம் கிடைத்தது. “எழுப்பிவிட்டேன் பார்த்தீர்களா!” என்று வெற்றியோடு நகர்ந்துவிட்டார். எங்களுக்கு அவர் காலி செய்த இடம் கிடைத்தது. அங்கே நின்று பார்த்தால், வழிந்துகொண்டிருந்த மஞ்சள் கோடுகளுக்குப் பின்னால், ஏதோ ஒரு ஆரஞ்சு நிறம் மெதுவாக மரத்தடிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அது போகட்டும். வழிகாட்டும் வரைபடப் பலகையில் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார்களே, அதை வடிவமைத்தவர் யார்? வருகிற ஒவ்வொருவரும் அந்தப் புள்ளியைத்தான் விரலால் தொட்டுப் பேசுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா? யானை பளிச்சென்று தெரிகிறது, நீர்யானை தெரிகிறது, கழிப்பறைகூடத் தெரிகிறது. நாம் இருக்கும் இடம் மட்டும் வண்ணமெல்லாம் உதிர்ந்து வெறும் தகரமாக இருக்கிறது. அந்தப் பலகையின் முன்னால் நின்று வெளியே போகும் வழி எது என்று கேட்டேன். இதற்குத்தான் காத்திருந்ததைப் போல என் கணவர் முன்னால் வந்தார். அந்தத் தகரத்தின் நடுவில் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தபடியே, “முதலில், நாம் இருப்பது இங்கே” என்று ஆரம்பித்தார்.