பினாங்கில் மாநகர் கழகத் தேர்தல் நடக்கப் போவதாகப் பரவும் தகவல் உண்மையல்ல

‘பினாங்கில் மாநகர் கழக உறுப்பினர் தேர்தல் அடுத்த மாதம், கீழுள்ள இணைப்பில் மைகார்டு எண்ணைப் பதியுங்கள்’ என்ற தகவல் நம் புலனக் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பினாங்குத் தீவு, செபராங் பிறை ஆகிய இரு மாநகர் கழகங்களின் உறுப்பினர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10ஆவது பிரிவில் இது தெளிவாக இருக்கிறது: மேயரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள், ஒரு நியமனத்துக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஊராட்சித் தேர்தல்களை நீக்குவது 15ஆவது பிரிவு.

ஜார்ஜ்டவுன் மக்கள் 1951இலேயே நகராட்சிக்கு வாக்களித்தவர்கள். அந்த நினைவு பெரியவர்களிடம் இன்னும் இருப்பதால்தான் இத்தகவல் எளிதில் நம்பப்படுகிறது என்று நினைக்கிறேன். 1965இல் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மீண்டும் நடத்தப் பினாங்கு அரசு எடுத்த முயற்சியைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் ஏற்கவில்லை. அந்த உரிமை திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் பொய்த் தகவல் அதற்கு உதவாது.

ஐயமிருந்தால் தேர்தல் ஆணையத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தைப் பாருங்கள். அந்த இணைப்பில் மைகார்டு எண்ணைப் பதியாதீர்கள். தகவல் உங்களுக்கு வந்திருந்தால் மேலும் பகிராமல், அனுப்பியவரிடம் இவ்விளக்கத்தைச் சொல்லுங்கள்.