அப்பா வாயில் என் வார்த்தைகள்

பணம் கட்டும் பெற்றோருக்கு, பிள்ளை மனநல ஆலோசகரிடம் பேசியதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. 19 வயதில் நான் ஆலோசகரிடம் அழுதுகொண்டே சொன்னது, அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா வாயிலிருந்து வந்தது. என் வார்த்தைகள், அப்படியே. கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பிறகு ஆறு வருடம் யாரிடமும் மனம் திறக்கவில்லை.

இப்போது நான் பார்க்கும் ஆலோசகர், நான் சொல்வதை எப்போது மட்டும் வெளியே சொல்வார் என்ற எல்லைகளை முதல் நாளே சொல்லிவிட்டார்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு. 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டாரசாஃப் வழக்கில் (மனநல சிகிச்சை பெற்றுவந்த ஒருவர் கொன்ற பெண்ணின் பெற்றோர் தொடுத்தது) ரகசியம் காப்பதற்கு விலக்கு அளித்ததும் இன்னொருவர் உயிரைக் காப்பதற்காகத்தான். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கட்டுரையாளர் தயவுசெய்து அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும்.