வகுப்புத் தலைவர் வேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரட்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடக்கப் பள்ளிகளில் முதல் வேலையாக வகுப்புக்கு ஒரு லீடரைப் போட்டுவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, இல்லாவிட்டால் கொஞ்சம் உயரமாக, சத்தமாகப் பேசுகிற பிள்ளை. டீச்சர் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும், அதுதான் லீடருக்கு வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. டீச்சர் திரும்பி வருவதற்குள் நெருங்கிய நண்பனின் பெயர் மட்டும் அழிந்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளை இதில் காட்டிக்கொடுக்கவும் சலுகை காட்டவும் பழகுகிறது. மற்ற பிள்ளைகளுக்கோ, தலைவர் என்றால் பயப்பட வேண்டிய ஆள் என்று பதிந்துபோகிறது. இதைத் தலைமைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தனியார் பள்ளிகளில் பதவியேற்பு விழா, பேட்ஜ், உறுதிமொழி எல்லாம் உண்டு. கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே 'லீடர்ஷிப்' முகாம் நடத்துகிறார்கள். மேடையேறிப் பேசுவது நல்ல பழக்கம்தான். ஆனால் மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தானாக முடிவெடுக்க ஒரு சின்ன விஷயமாவது இருக்கிறதா?

பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுப்பது நம் அரசுப் பள்ளிகளுக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலை, அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கிற முறையை, நினைத்துப் பாருங்கள். சுய வருகைப் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே தன் வருகையைக் குறித்தது. தங்கள் சுத்தத்தைக் குறிக்கிற ஆரோக்கியச் சக்கரத்தையும் காலநிலை அட்டவணையையும் பிள்ளைகளே நிரப்பினார்கள். கை எட்டுகிற உயரத்தில் ஆளுக்கொரு கீழ்மட்டக் கரும்பலகை. அந்த முறையின் பாடப் பகுதி பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஆனால் 'இது என் வகுப்பு, இங்கே எனக்கும் வேலை இருக்கிறது' என்ற எண்ணத்தை அது எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தது. பேட்ஜ் ஒருத்தருக்குத்தான் கொடுக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். ஒரு வாரம், பந்து எப்போதும் ஐந்தாம் வகுப்பு அண்ணன்களிடமே இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளே கிழமை பிரித்துக்கொண்டார்கள். அந்த வாரமே சண்டை வந்தது. அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து, பந்தை எடுப்பதும் திருப்பி வைப்பதும் யார் பொறுப்பு என்று பேசி, ஒரு நோட்டில் எழுதிவைத்தார்கள். பொறுப்பு வாராவாரம் மாறும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். என்னைக் கேட்டால் அந்தச் சண்டைதான் பயிற்சியே. பெரியவர்கள் பாதியில் புகுந்து தீர்த்துவைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

ராஜஸ்தானின் திலோனியா பகுதியில் பகலில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் இரவுப் பள்ளியில் படித்துக்கொண்டே, ஓட்டுப் போட்டுக் குழந்தைகள் நாடாளுமன்றம் அமைத்தார்கள். வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்பதுகூட அந்தப் பிள்ளைகள் கண்காணித்த விஷயம். நாம் அவ்வளவு தூரம் போகத் தயங்கலாம், சரி. முதல் அடியாவது வைக்கலாமே.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அந்தக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்தை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு பிள்ளைகள் வரட்டும். குழாய் எட்டவில்லை, கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்வார்கள். சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில், என்ன செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று அந்தப் பிள்ளைகளுக்கே பதில் சொல்லுங்கள். இதற்குத் தனியாக நிதி வேண்டாம், அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம். குழுவில் இருக்கிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், வருகிற கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள்.